மீட்டர் எண்ணைச் சொல்லும், பொருளைச் சொல்லாது

மின்பேனல் ஒன்றின் முன்னால் லேப்டாப்போடு நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பேனல் கதவில் ஓர் எனர்ஜி மீட்டர். அதன் திரையில் 230.0 வோல்ட். அதே மீட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாக லேப்டாப்புக்கு வந்து விழுந்திருப்பதோ இரண்டு எண்கள்: 17254, 0. கேபிள் சரி, முகவரி சரி, மீட்டரிலும் பழுதில்லை. அந்த இரண்டு எண்களும் சேர்ந்ததுதான் 230 வோல்ட். ஆனால் அது வோல்ட் என்று யார் சொன்னது? மீட்டர் சொல்லவில்லை. கம்பியில் வந்த எந்த பைட்டிலும் ‘வோல்ட்’ என்ற செய்தி கிடையாது.

தொழிற்சாலைக் கருவிகளோடு பேசும் கிளையன்ட் மென்பொருளை முதன்முதலாக எழுத வருகிறவர்கள், இணைப்பு கிடைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது பெரும்பாலும் அரை மணி நேர வேலை. பைத்தானில் பைமாட்பஸ் என்ற நூலகத்தை இறக்கிக்கொண்டால் பத்து வரியில் மீட்டர் பதில் சொல்லிவிடும். வந்த பதிலுக்கு இதுதான் அர்த்தம் என்று உறுதியாகச் சொல்வதற்குத்தான் நாள்கணக்கில் ஆகிறது. இது ஏன் இப்படி இருக்கிறது என்று புரிந்துகொள்ள, இந்தத் துறையில் இன்றும் எங்கும் நிறைந்திருக்கும் மாட்பஸ் நெறிமுறையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1960-களில் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலைகளின் இயந்திரங்களை ஓட்டியவை ரிலே பேனல்கள். ரிலே என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் சுவிட்ச். ஆள் உயர அலமாரிகள், அவற்றுக்குள் நூற்றுக்கணக்கான ரிலேக்கள், கொத்துக் கொத்தாக வயர்கள். கார் மாடல் மாறினால் அத்தனையையும் பிரித்து மறுபடியும் வயரிங் செய்ய வேண்டும். இதற்கு ஒரு மாற்று வேண்டும் என்று ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு 1968-ல் கேட்டது. மாசசூசெட்ஸில் பெட்ஃபோர்டு அசோசியேட்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் டிக் மோர்லியும் கூட்டாளிகளும் செய்த கருவி அந்தத் தேவைக்குப் பொருந்தியது. அது அவர்களுடைய 84-வது வேலை என்பதால் பெயரும் 084. அதை விற்கத் தொடங்கிய நிறுவனம்தான் மோடிகான். இன்று பி.எல்.சி. என்று நாம் சொல்லும், ப்ரோக்ராம் மூலம் இயந்திரங்களை இயக்கும் பெட்டியின் மூத்த தலைமுறை அது. அந்த மோடிகான் 1979-ல் தன் பி.எல்.சி.க்களோடு பேசுவதற்கு வெளியிட்ட மொழி மாட்பஸ்.

அந்தக் காலத்து நிலைமையை மனதில் வைத்துக்கொண்டால் மாட்பஸ்ஸின் எல்லாக் குறைகளும் நியாயமாகத் தெரியும். நினைவகம் விலை உயர்ந்தது. கம்பியின் வேகம் குறைவு. பேசுகிற இரண்டு பெட்டிகளும் ஒரே கூரைக்கு அடியில், பெரும்பாலும் ஒரே இன்ஜினியரின் பொறுப்பில் இருந்தன. எந்த இடத்தில் எந்த அளவு இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதைக் கம்பியில் வேறு அனுப்புவானேன்? யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்ற வகையில் நெறிமுறை வெளிப்படையாக இருந்ததால் மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. மீட்டர், இன்வெர்ட்டர், கம்ப்ரசர், ஜெனரேட்டர், வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி என்று பரவியது. 1999-ல் ஈதர்நெட் மேல் ஓடும் வடிவம் வந்தது. அதற்கு 502 என்ற போர்ட் எண் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மோடிகானை வாங்கிய ஷ்னைடர் எலெக்ட்ரிக் 2004-ல் நெறிமுறையின் உரிமையை ஒரு பொது அமைப்பிடம் ஒப்படைத்தது.

ரிலே காலத்தின் வாசனை சொற்களில் இன்னும் போகவில்லை. மாட்பஸ் கருவியின் நினைவகம் நான்கு அட்டவணைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒற்றை பிட் வெளியீடுகளுக்குப் பெயர் காயில். ரிலேயில் சுற்றிய அதே செப்புச் சுருள்தான். ஒற்றை பிட் உள்ளீடுகள் இன்னோர் அட்டவணை. அப்புறம் 16 பிட் எண்களுக்கு இரண்டு: படிக்க மட்டும் முடிகிற இன்புட் ரெஜிஸ்டர், படிக்கவும் எழுதவும் முடிகிற ஹோல்டிங் ரெஜிஸ்டர். அவ்வளவுதான் மாட்பஸ்ஸின் உலகம். தசமப் புள்ளி கிடையாது, அலகு கிடையாது, எழுத்துகள் கிடையாது, நேரம் கிடையாது. எல்லாவற்றையும் 16 பிட் பெட்டிகளுக்குள் மடித்துத்தான் வைக்க வேண்டும்.

இனி கம்பியில் ஓடுவதைப் பார்க்கலாம். நம் லேப்டாப் அனுப்பிய கேள்வி மொத்தம் 12 பைட். பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்களில்:

00 01 00 00 00 06 01 03 00 63 00 02

முதல் இரண்டு பைட் கேள்வியின் வரிசை எண். அடுத்த இரண்டும் எப்போதும் பூஜ்யம். 00 06 என்றால் இதன் பின்னால் 6 பைட் வருகிறது என்று பொருள். 01 என்பது யாரிடம் கேட்கிறோம் என்பது. நம் ஊர்ப் பேச்சில் ஸ்லேவ் ஐடி. 03 என்றால் ஹோல்டிங் ரெஜிஸ்டரைப் படி. 00 63 தொடங்க வேண்டிய முகவரி, அதாவது 99. கடைசியில் 00 02: இரண்டு ரெஜிஸ்டர் கொடு. மீட்டரின் பதில்:

00 01 00 00 00 07 01 03 04 43 66 00 00

வரிசை எண் அதேதான். 04 என்றால் நான்கு பைட் தரவு. 43 66 என்பது 17254, 00 00 என்பது பூஜ்யம். இந்தப் பதிலில் இல்லாத ஒன்றைக் கவனித்தால் பின்னால் வரும் பல தொல்லைகள் புரிந்துவிடும். 99 என்ற முகவரி பதிலில் கிடையாது. ‘நீ கேட்டது இதோ’ என்று நான்கு பைட்டை நீட்டுகிறது மீட்டர். எதைக் கேட்டோம் என்று நினைவு வைத்துக்கொள்வது நம் பாடு.

மேனுவலைத் திறந்தால் இதே ரெஜிஸ்டருக்கு 40100 என்று போட்டிருக்கும். பழைய மோடிகான் வழக்கப்படி ஹோல்டிங் ரெஜிஸ்டர்கள் 40001-லிருந்து எண்ணப்படும். முன்னால் உள்ள 4 அட்டவணையின் அடையாளம். அது கம்பியில் போகாது, 03 என்ற செயல் எண்ணே அதைச் சொல்லிவிடுகிறது. மிச்சம் 100. மேனுவல் 1-லிருந்து எண்ணுகிறது, கம்பி 0-லிருந்து எண்ணுகிறது, ஆகவே 99. இந்த ஒன்று கூடக் குறைய விழும் பிழையில் மாட்டாதவர் இந்தத் தொழிலில் இல்லை. எல்லா மேனுவலும் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிலர் கம்பி முகவரியையே அச்சிடுகிறார்கள், சிலர் 400100 என்று ஆறு இலக்கத்தில் எழுதுகிறார்கள், சிலர் பதினாறடிமானத்தில் கொடுத்துவிட்டு அதைச் சொல்வதும் இல்லை. கிளையன்ட் மென்பொருள்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கின்றன: சில 40100 என்று கேட்டால் தாமே கழித்துக்கொள்ளும், சில நீங்கள் கொடுத்ததை அப்படியே அனுப்பும். மேனுவலும் மென்பொருளும் எந்தக் கட்சி என்று தெரியாமல் அட்டவணையை நிரப்ப ஆரம்பிப்பது வீண் வேலை. முன்கூட்டியே விடை தெரிந்த ஒன்றைப் படித்துப் பார்க்க வேண்டும். இந்திய மின்சாரத்தில் அதற்கு வசதியானது அதிர்வெண். எப்போது கேட்டாலும் 50 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் வரும்.

சரி, 17254-ம் 0-வும் எப்படி 230 ஆகிறது? பல மீட்டர்கள் அளவுகளை 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக (தசமப் புள்ளி உள்ள எண்களைக் கம்ப்யூட்டர் வைக்கும் முறை, ஃப்ளோட்) வைத்திருக்கின்றன. அது ஒரு ரெஜிஸ்டரில் அடங்காது. இரண்டாக வெட்டி அடுத்தடுத்த இரண்டு பெட்டியில் போடுகிறார்கள். ஒரு ரெஜிஸ்டருக்குள் பெரிய பைட் முதலில் போக வேண்டும் என்று மாட்பஸ் ஆவணம் சொல்கிறது. வெட்டிய இரண்டு பாதிகளில் எது முன்னால் போக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. 32 பிட் எண் என்ற ஒன்றே அதன் உலகத்தில் இல்லையே! அதனால் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் செயலிக்குச் சௌகரியமானபடி வைத்தார்கள். பெரிய பாதி முன்னால் வரும் மீட்டரும் உண்டு, பின்னால் வரும் மீட்டரும் உண்டு. நம் உதாரணத்தில் பாதிகளை மாற்றிச் சேர்த்தால் கிடைப்பது சுமார் 2.4-ஐப் பத்தால் 41 தடவை வகுத்தது. திரையில் அது 0.00 என்றுதான் தெரியும். ‘பேனலுக்கு சப்ளை இல்லைபோல’ என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அனுப்புவதற்கு முன்னால் பாதிகளை மாற்றிப் பார்ப்பது நல்லது.

இதில் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. 128-லிருந்து 255 வரையுள்ள மிதவை எண்களுக்கு, பெரிய பாதியிலிருந்து 17024-ஐக் கழித்தால் முழு எண் பகுதி வந்துவிடும். 17254 என்றால் 230, 17264 என்றால் 240. மிதவை எண்ணின் அமைப்பு அந்த எல்லைக்குள் அப்படி அமைந்திருக்கிறது. கைபேசியில் மூல எண்களை மட்டும் அனுப்பி ‘இது என்னங்க சார்’ என்று கேட்பவர்களிடம், 172 என்று தொடங்கும் ஐந்திலக்க எண்ணைப் பார்த்ததுமே ‘வோல்டேஜ்’ என்று சொல்லலாம். மந்திரவாதி என்று நினைப்பார்கள். அதேபோல 16967, 16968 என்று வந்தால் அநேகமாக அதிர்வெண்.

பெரிய தவறுகள் ஆபத்தில்லாதவை என்பது என் எண்ணம். மீட்டரில் 1,20,000 யூனிட் ஓடியிருக்க, பாதிகள் மாறியதால் திரையில் 356 கோடிக்கு மேல் வந்தால் யாரும் நம்பப்போவதில்லை, உடனே திருத்திவிடுவோம். சரியான எண்ணைப் போலவே நடிக்கிற தவறுதான் கழுத்தை அறுக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூற்பாலையில் அப்படி ஒன்று செய்தேன். புதிதாகப் பொருத்திய மீட்டர்; யூனிட் கணக்கு 32 பிட் முழு எண்ணாக இரண்டு ரெஜிஸ்டரில் இருந்தது. மேனுவலில் ‘நீளம்’ என்ற பத்தியைப் பார்க்காமல் முதல் ரெஜிஸ்டரை மட்டும் படிக்கும்படி கிளையன்ட்டை அமைத்துவிட்டேன். அந்த மீட்டர் சிறிய பாதியை முதலில் தருகிற ரகம். ஆகையால் வந்த எண் மீட்டர் திரையோடு புள்ளி பிசகாமல் ஒத்துப்போனது. மேலாளர் ஒரு வாரம் பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார். அந்தப் பகுதியின் சராசரிச் சுமை சுமார் 30 கிலோவாட். 16 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 65,535. கணக்குப் போட்டால் 91 நாள். 91-ஆம் நாளை ஒட்டிய ஓர் இரவில் எண் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. காலை அறிக்கையில் அந்தப் பகுதியின் நேற்றைய மின்செலவு என்ற இடத்தில் கழித்தல் 64 ஆயிரத்துச் சொச்சம் யூனிட். ஆலை மின்வாரியத்துக்கே மின்சாரம் விற்றது மாதிரி. பிழை முதல் நாளிலிருந்தே இருந்தது, கம்பியில் அதைக் காட்டிக்கொடுக்க எதுவும் இல்லை.

சி.டி. என்பது பெரிய கரண்டை மீட்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் மின்மாற்றி; அதன் விகிதமும் இதே குடும்பத்துப் பிரச்சினை. 200-க்கு 5 என்ற சி.டி. போட்டிருந்தால் பெருக்க வேண்டியது 40. சில மீட்டர்கள் பெருக்கிய பிறகு ரெஜிஸ்டரில் வைக்கின்றன, சில பெருக்காமல் வைக்கின்றன. 40 மடங்கு வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மீட்டரில் ஒருமுறை, மென்பொருளில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் விகிதத்தைக் கொடுத்துவிட்டு, சுமை குறைவான பகுதியில் அதைக் கவனிக்காமல் விட்டால் மாதங்கள் ஓடிவிடும். குளிர்பதன அறையில் மைனஸ் 5 டிகிரி 65531 என்று வருவதும் உண்டு. குறி உள்ள எண்ணா, குறி இல்லாத எண்ணா என்பதையும் கம்பி சொல்லாது.

அடுத்து யார் யாரைக் கேட்பது என்ற விஷயம். மாட்பஸ்ஸில் கிளையன்ட் கேட்கும், கருவி பதில் சொல்லும். கேட்காமல் கருவி வாயைத் திறக்காது. வலைத்தளம் செய்து பழகியவர்களுக்குச் சொற்களே குழப்பும்: இங்கே சர்வர் என்பது உள்ளங்கையில் அடங்கும் மீட்டர், கிளையன்ட் என்பது அறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர். மாஸ்டர், ஸ்லேவ் என்ற பழைய சொற்களை 2020-ல் மாட்பஸ் அமைப்பு கைவிட்டு கிளையன்ட், சர்வர் என்று மாற்றியது. பேனல் முன்னால் நிற்பவர்கள் வாயில் ‘ஸ்லேவ் ஐடி’ இன்னும் மாறவில்லை. மேனுவல்களிலும் மாற நாளாகும்.

கேட்டால்தான் பதில் என்பதால், இரண்டு கேள்விகளுக்கு நடுவில் நடந்து முடிந்துபோன எதுவும் நமக்குத் தெரியாது. பத்து விநாடிக்கு ஒருமுறை கேட்கும் கிளையன்ட்டிடம், இரண்டு விநாடி வந்துபோன வோல்டேஜ் சரிவைக் காட்டு என்று கேட்பதில் பயனில்லை. அப்படியானால் அடிக்கடி கேட்க வேண்டியதுதானே? அங்கேதான் பழைய கம்பி குறுக்கே வரும். ஈதர்நெட் வழியாகப் பேசுகிறோம் என்று நினைத்தாலும், பல இடங்களில் நடுவில், ஈதர்நெட்டையும் பழைய கம்பியையும் இணைக்கும் கேட்வே என்ற பெட்டி இருக்கிறது. அதற்குப் பின்னால் ஆர்.எஸ்.485 இரட்டைக் கம்பியில் முப்பது மீட்டர்கள் கோத்திருக்கும், 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில். அந்த வேகத்தில் ஓர் எழுத்து கடக்க 1 மில்லிவிநாடிக்குச் சற்று மேல். இரண்டு ரெஜிஸ்டருக்கான கேள்வியும் பதிலும் சேர்ந்து 17 பைட், அதாவது 20 மில்லிவிநாடி. மீட்டர் யோசிக்க 50 மில்லிவிநாடி எடுக்கிறது என்று வைத்தால் ஓர் அளவுக்கு 70. ஒரு மீட்டரில் 20 அளவுகளைத் தனித்தனியாகக் கேட்டால் 1.4 விநாடி, முப்பது மீட்டருக்கு 42 விநாடி. அதே 20 அளவுகள் அடுத்தடுத்து இருந்து, 40 ரெஜிஸ்டரையும் ஒரே கேள்வியில் வாங்கினால் மீட்டருக்கு 160 மில்லிவிநாடிதான். முப்பதுக்கும் 5 விநாடிக்குள் முடிந்துவிடும். ஒரு கேள்வியில் 125 ரெஜிஸ்டர் வரை கேட்கலாம். லேப்டாப்பை மாற்றுவதாலோ வேகமான ஸ்விட்ச் வாங்குவதாலோ கிடைக்காத வேகம் இது.

முப்பதில் ஒரு மீட்டர் செத்துப்போனால்? ஒரு விநாடி காத்திருப்பு, மூன்று முயற்சி என்று அமைத்திருந்தால் அந்த ஒரு மீட்டருக்கான ஒவ்வொரு கேள்விக்கும் 3 விநாடி வீண். இருபது கேள்வி என்றால் ஒரு நிமிடம். மற்ற 29-ம் அதுவரை வரிசையில் நிற்கும். ‘எல்லா மீட்டரும் ஸ்லோவா இருக்கு’ என்ற புகார் வந்தால் நான் முதலில் தேடுவது, பதில் சொல்லாத ஒரு மீட்டரைத்தான்.

காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். அது இன்னும் மோசமான இடத்தில் கொண்டுபோய் விடக்கூடும். கிளையன்ட் அரை விநாடி மட்டும் பொறுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறது. கேட்வேக்குப் பின்னால் உள்ள 7-ஆம் மீட்டர் 0.7 விநாடியில் மெதுவாகப் பதில் சொல்கிறது. அந்தப் பதில் வந்து சேரும்போது கிளையன்ட் அதே மீட்டரிடம் வேறொரு ரெஜிஸ்டரைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. பதிலில் ரெஜிஸ்டர் முகவரி இல்லை என்று பார்த்தோம் அல்லவா? அளவும் பொருந்தினால், அவசரமாக எழுதிய கிளையன்ட் பழைய பதிலைப் புதிய கேள்விக்கு மாட்டிவிடும். கரண்ட் காட்ட வேண்டிய இடத்தில் வோல்டேஜ் வந்து உட்காரும். அதன் பிறகு ஒவ்வொரு பதிலும் ஓர் இடம் தள்ளித் தள்ளி விழும். இதைத் தடுக்கத்தான் முதல் இரண்டு பைட்டில் வரிசை எண் இருக்கிறது. நல்ல நூலகங்கள் அதைச் சரிபார்க்கின்றன. சொந்தமாக சாக்கெட் திறந்து எழுதுகிறவர்கள் எப்போதும் 00 01 என்றே அனுப்பி, அதற்கிருந்த ஒரே காவலையும் அனுப்பிவிடுகிறார்கள். பழைய சீரியல் வடிவத்தில் அந்த வரிசை எண்ணும் கிடையாது.

பதில் வராததையும் மறுப்பு வருவதையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி நாள் மிச்சமாகும். கருவிக்குக் கேள்வி பிடிக்கவில்லை என்றால் இப்படி ஒரு மறுப்பு வரும்:

00 01 00 00 00 03 01 83 02

03-ன் இடத்தில் 83 வந்தால் மறுப்பு. கடைசி எண் காரணம். 02 என்றால் அந்த முகவரி இங்கே இல்லை. பார்க்க எரிச்சலாக இருந்தாலும் இது சுபச்செய்தி: கம்பி, ஐடி, வேகம், பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) எல்லாம் சரி, முகவரியில் மட்டும் பிழை. பெரும்பாலும் அந்த ஒன்று கூடக் குறைய சமாச்சாரம், இல்லாவிட்டால் நாம் கேட்ட தொகுப்பின் நடுவில் கருவியில் இல்லாத ஒரு ரெஜிஸ்டர். காரணமாக 03 வந்தால் கேட்ட அளவு தவறு, அநேகமாக 125-ஐத் தாண்டியிருப்போம். கேட்வே தானே 11-ஐ, அதாவது பதினாறடிமானத்தில் 0-வும் ‘பி’யும் சேர்ந்த குறியை, அனுப்பினால் ‘நான் இருக்கிறேன், எனக்குப் பின்னால் உள்ளவர் பேசவில்லை’ என்று அர்த்தம். எதுவுமே வராமல் மௌனம் என்றால் கம்பிக்குப் போக வேண்டியதுதான். ஆர்.எஸ்.485-ன் இரண்டு முனைகளுக்கு ஏ, பி என்று பெயர். எது ஏ, எது பி என்பதில் தயாரிப்பாளர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, எதுவும் எரிந்துபோகாது. இணைப்பையே கருவி ஏற்க மறுத்தால் வேறு யாராவது ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கிளையன்ட்டுக்கு மேல் தாங்காத கருவிகள் நிறைய உண்டு. எதுவும் பிடிபடாவிட்டால், நெட்வொர்க்கில் ஓடும் பைட்டுகளை அப்படியே காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து 502 போர்ட்டைக் கவனித்தால் போதும். மென்பொருள் என்ன அனுப்பியதாகச் சொல்கிறது என்பதற்கும் உண்மையில் என்ன போனது என்பதற்கும் உள்ள வித்தியாசம் அங்கே தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் படிப்பதைப் பற்றி. எழுதுவது வேறு ரகம். 05, 06, 15, 16 என்ற செயல் எண்களால் காயிலை இயக்கலாம், ரெஜிஸ்டரை மாற்றலாம். மோட்டார் ஓட்டும் வி.எஃப்.டி. என்ற டிரைவின் வேகத்தை 06 வைத்து ஒரே வரியில் மாற்றிவிட முடியும். பதிலாக நாம் அனுப்பிய கேள்வியே எதிரொலியாகத் திரும்பி வரும். ‘எண்ணை வாங்கி வைத்துக்கொண்டேன்’ என்பதுதான் அதன் பொருள். மோட்டார் சுற்றுகிறது என்பதல்ல. சுற்றுகிறதா என்று பார்க்க வேறொரு ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். இன்னொரு கண்ணி: சில கருவிகளில் எழுதிய மதிப்பு, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்துக்குப் போகிறது. அந்த வகை நினைவகத்துக்கு எழுதும் ஆயுள் உண்டு. ஒரு லட்சம் தடவை தாங்கும் சில்லுக்கு விநாடிக்கு ஒருமுறை அதே வேகத்தைத் திரும்பத் திரும்ப எழுதினால் 28 மணி நேரத்தில் அந்த ஆயுள் முடிந்துவிடும். அதனால்தான் சில டிரைவ்களின் மேனுவலில் ஒரே அளவுக்கு இரண்டு முகவரி இருக்கும், ஒன்று தற்காலிகம், ஒன்று நிரந்தரம். மதிப்பு மாறினால் மட்டும் எழுது என்று கிளையன்ட்டில் ஒரு நிபந்தனை சேர்ப்பது அவ்வளவு பெரிய வேலை இல்லை.

இப்போது அந்த 12 பைட்டை மறுபடி பார்த்தால் இன்னொன்றும் அதில் இல்லை என்பது தெரியும். கடவுச்சொல் எங்கே? கேட்பவர் யார் என்று எங்கே இருக்கிறது? இல்லை. 502-ஐத் தொட முடிந்த யாரும் படிக்கலாம். கருவி தானாகத் தடுக்காவிட்டால் எழுதவும் செய்யலாம். 1979-ன் ஒரே கூரைக்கு அது போதுமானதாக இருந்தது. 2024 ஜனவரியில், உறைபனிக் குளிரில், உக்ரைனின் லிவீவ் நகரத்தில் 600-க்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு ஏறத்தாழ இரண்டு நாள் வெப்பம் கிடைக்கவில்லை. கட்டடங்களுக்கு வெந்நீர் அனுப்பும் அமைப்பின் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கு நெட்வொர்க் வழியாக மாட்பஸ் கட்டளைகள் போயிருந்தன. அந்த ஆண்டு ஜூலையில் டிராகோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் விவரத்தை வெளியிட்டது. அந்தக் கட்டளைகளை அனுப்பிய மென்பொருளுக்கு அவர்கள் வைத்த பெயர் ஃப்ராஸ்டிகூப். கோ மொழியில் எழுதியது. ஹோல்டிங் ரெஜிஸ்டரைப் படிக்கும், எழுதும். நாம் பைத்தானில் பத்து வரியில் செய்வதற்கும் அதற்கும் நெறிமுறை அளவில் வித்தியாசம் இல்லை. பூட்டை உடைக்க வேண்டிய இடம் நெட்வொர்க்கின் வாசலில் மட்டும்தான் இருந்தது, உள்ளே எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை.

சான்றிதழும் மறையாக்கமும் சேர்த்து 802 போர்ட்டில் ஓடும் பாதுகாப்பான மாட்பஸ் 2018-ல் வெளிவந்திருக்கிறது. களத்தில் ஏற்கனவே தொங்கிக்கொண்டிருக்கும் மீட்டர்களுக்கு அது உதவாது. ஆலையின் கருவி நெட்வொர்க்கை அலுவலக வை-ஃபையிலிருந்து பிரித்து, நடுவில் ஃபயர்வால் வைத்து, படிக்க மட்டும் அனுமதிப்பதுதான் இப்போதைக்கு ஆகக்கூடியது. வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கிறது என்று 502-ஐ இன்டர்நெட்டுக்கே திறந்துவிடுவது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

பொருளையும் சேர்த்துச் சொல்கிற நெறிமுறைகள் இல்லாமல் இல்லை. ஓ.பி.சி. யூ.ஏ. அப்படிப்பட்டது. அதன் முன்னோடி 1996-ல் மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்டது. அதை இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் ஓடவைக்க அனுமதிகளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இன்றும் அந்தப் பெயரைக் கேட்டால் தலைவலி வரும். யூ.ஏ. அதிலிருந்து விடுபட்டு, எந்த இயங்குதளத்திலும் ஓடும்படி வந்தது. கிளையன்ட் இணைந்ததும் கருவியிடம் ‘உன்னிடம் என்னென்ன இருக்கிறது’ என்றே கேட்கலாம். பெயர், தரவின் வகை, மதிப்பு நம்பத்தக்கதா என்ற குறிப்பு, நேரம் எல்லாம் வரும். தயாரிப்பாளர் கொடுத்திருந்தால் அலகும் வரும். மாறினால் மட்டும் சொல்லு என்று சந்தா கட்டியும் வைக்கலாம். இதற்கு விலை உண்டு. சான்றிதழ்களைப் பராமரிக்க ஆள் வேண்டும், கருவிக்குள் வலுவான செயலி வேண்டும். சில நூறு ரூபாய்ச் சில்லில் மாட்பஸ்ஸை எழுதிவிட முடியும்போது, மீட்டர் செய்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அதனால்தான் பெரிய இயந்திரங்கள் யூ.ஏ.வுக்குப் போய்க்கொண்டிருக்கும்போதும் மீட்டரும் சென்சாரும் மாட்பஸ்ஸிலேயே இருக்கின்றன.

சூரிய மின்சாரத் துறை நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தது. சன்ஸ்பெக் என்ற கூட்டமைப்பு மாட்பஸ்ஸை மாற்றாமல், ரெஜிஸ்டர்களை எப்படி அடுக்குவது என்பதற்கு மட்டும் பொது ஒழுங்கு போட்டது. கிளையன்ட் முதலில் 40000, 50000, 0 ஆகிய முகவரிகளில் தேடும். 21365, 28243 என்ற இரண்டு எண்கள் கிடைத்தால் அது சன்ஸ்பெக் கருவி. அந்த எண்களை எழுத்தாக்கினால் ‘சன்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் ‘எஸ்’ஸும் வரும். அதைத் தொடர்ந்து தயாரிப்பாளர் பெயர், மாடல், எந்த வகை இன்வெர்ட்டர், ஒவ்வோர் அளவுக்கும் புள்ளியை எங்கே வைப்பது என்பதற்குத் தனி ரெஜிஸ்டர். மதிப்பு 2300, புள்ளிக்கான எண் மைனஸ் 1 என்றால் 230.0 வோல்ட். மைனஸ் 1 கம்பியில் 65535 என்றுதான் வரும். அதைக் குறி இல்லாத எண்ணாகப் படித்துவிட்டு நான் தலையைச் சொறிந்த கதை தனி.

மற்ற கருவிகளுக்கு அந்த ஒழுங்கும் இல்லை. அந்த நூற்பாலையின் பேனல் கதவின் உள்பக்கத்தில் இப்போது லேமினேட் செய்த ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஸ்லேவ் ஐடி, 9600, பாரிட்டி இல்லை. யூனிட் கணக்கு: 32 பிட், குறி இல்லை, இரண்டு ரெஜிஸ்டர், சிறிய பாதி முதலில். சி.டி. 200-க்கு 5, மீட்டரே பெருக்கிவிடுகிறது. முகவரி 0-லிருந்து எண்ணியது. கடைசி வரியை மேலாளர் தன் கையால் எழுதிச் சேர்த்தார்: 65,535 தாண்டியதும் சரிபார்க்கப்பட்டது, தேதியோடு.